புயலுக்குப் பின் 'தேனீத் தீவனம்' விற்க வருபவரிடம் ஜாக்கிரதை

மொரீஷியஸில் வீட்டுத் தோட்டத்திலோ கரும்புக் காட்டு ஓரத்திலோ நாலைந்து தேனீப்பெட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புயல் ஓய்ந்ததும் ஒருவர் கேனில் சர்க்கரைப் பாகு கொண்டுவருவார். "தேனீக்கென்றே தயாரித்தது, வைட்டமின் எல்லாம் சேர்த்திருக்கு, நானே ஊற்றித் தந்துவிடுகிறேன்" என்பார். வாங்காதீர்கள். அவரைப் பெட்டிப் பக்கமே விடாதீர்கள்.

2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் இருந்தது. பூத்திருந்ததெல்லாம் உதிர்ந்துபோனது. எங்கள் பக்கம் கடலோரம் என்பதால் உப்புக் காற்றில் இலைகூடக் கருகிவிட்டது. லிச்சி பூப்பதற்கோ இன்னும் மாதக்கணக்கில் இருந்தது. பெட்டியைப் பின்பக்கமாக லேசாகத் தூக்கிப் பார்த்தேன், கனமே இல்லாமல் எழும்பி வந்தது. பெட்டி வாசலில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் கிடந்தன. பட்டினி முற்றினால் தேனீ தன் புழுவையே இழுத்து வெளியே போட்டுவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர் வந்தார். கோயிலில் பார்த்த முகம், வாய் நிறைய "அண்ணே, அண்ணே". விலை மட்டும் கடைச் சர்க்கரையைப் போலப் பல மடங்கு.

உச்சி வெயிலில் வேலையைத் தொடங்கினார். பெட்டிகளுக்கு முன்னால் திறந்த தட்டுகளை வைத்துப் பாகை ஊற்றினார், பாதி தரையில் சிந்தியது. "மேலே இருக்கும் தேன் அறையை எடுக்க வேண்டாம் அண்ணே, அதுவும் நிறையட்டும்" என்றார். கொஞ்ச நேரத்தில் தோட்டம் முழுக்க ஒரே இரைச்சல். பலமான பெட்டியின் தேனீக்கள் தட்டை நக்கி முடித்துவிட்டு, பலவீனமான பெட்டிக்குள் புகுந்தன. வாசலில் ஒன்றையொன்று கட்டிப் புரண்டன. மறுநாள் காலையில் அடிப்பலகையில் மெழுகுத் துகள் தவிடு போலக் குவிந்திருந்தது. அடையில் மெழுகால் மூடியிருந்த தேன் கண்களைக் கொள்ளையடிக்கும் தேனீக்கள் கடித்துக் கிழித்த தூள் அது. உடம்பில் ரோமம் உதிர்ந்து கறுப்பாகப் பளபளக்கும் தேனீக்கள் வாசலில் தெரிந்தால், கொள்ளை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் விட்டுப்போன கேனைத் திறந்தேன். 'புஸ்' என்று காற்று வெளியேறியது, புளித்த கள் வாடை. நிறம் கரும்பழுப்பு. சுத்திகரிக்காத சர்க்கரையோ ஆலைக் கழிவுப் பாகோ, அது கடவுளுக்கே வெளிச்சம். நம் ஊர் தெமராரா, மஸ்கவாடோ போன்ற பழுப்புச் சர்க்கரையெல்லாம் தேநீருக்கு அருமை, தேனீக்கு ஆகாது. அதிலுள்ள தாதுக்கள் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். மழையில் வெளியே பறக்க முடியாமல் அடைந்து கிடந்த இரண்டு நாளிலேயே வெள்ளைப் பெட்டிகளின் முகப்பெல்லாம் பழுப்புக் கோடுகள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உங்க தேனீக்கு வரோவா பிடிச்சிருக்கும் அண்ணே" என்றார். வரோவா என்பது தேனீயைத் தாக்கும் உண்ணி. 2014-இல் அது இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது சிலருக்கு வசதியாகப் போய்விட்டது. அப்புறம் ஒரு நாள் அவரே போன் செய்து, தேன் அறை நிறைந்திருக்குமே, குறைந்த விலைக்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அப்போதுதான் அவருடைய வியாபாரம் முழுசாகப் புரிந்தது. தேன் அறையில் ஏறியிருந்தது அவர் ஊற்றிய பாகு. அதை அடையோடு வாங்கி, சுத்தமான மலைத்தேன் என்று விற்பார்.

சரி, பட்டினிக்கு என்னதான் கொடுப்பது? தபாஜியில், அதாவது தெருமுனைச் சின்னக் கடையில், கிடைக்கும் வெள்ளைச் சர்க்கரை போதும். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் வெந்நீர், அடுப்பில் கருக விடாமல் கரைத்து ஆற வையுங்கள். தேன் அறையை முதலில் எடுத்துவிட வேண்டும். ஜாம் பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் சட்டங்களுக்கு மேலே கவிழ்த்து, வெற்றுப் பெட்டி ஒன்றால் மூடுங்கள். அந்தி சாய்ந்த பிறகு, எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாலையில். வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறையுங்கள். சொட்டுக்கூட வெளியே சிந்தக் கூடாது. யாரோ கொடுத்த பழைய தேனை ஊற்றாதீர்கள், நோய்க் கிருமி அதோடு வரும்.

என் பலவீனமான பெட்டிகள் காலியாகிவிட்டன. மற்றவை வெள்ளைச் சர்க்கரையில் தேறி, லிச்சிப் பூ வரை தாக்குப்பிடித்தன. அந்த ஆள் இப்போது தீவின் கிழக்கே பிளாக் மாவட்டப் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. அங்கே பெட்டி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் இதை அனுப்பிவிடுங்கள்.