சுரமண்டலமா, யாழா?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு வேதாகமத்தில் தாவீது சவுல் அரசனுக்கு முன் வாசிப்பது சுரமண்டலம். கோட்டாற்றுத் தோழியின் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் அதே இடத்தில் யாழ். ஆங்கிலத்தில் ஹார்ப்; அது ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல்.

சுரமண்டலம் தட்டையான பெட்டி. கம்பிகள் அதன்மேல் படுத்திருக்கும். இந்துஸ்தானிப் பாடகர்கள் மடியில் வைத்து மீட்டுவார்கள். யாழில் வில்லாக வளைந்த கோட்டிலிருந்து, அதாவது தண்டிலிருந்து, பத்தர் எனும் ஒலிப்பெட்டிக்கு நரம்புகள் இறங்கும். ஹார்ப்பிலும் நரம்புகள் அப்படித்தான் நிற்கும். அதனால் வடிவத்தில் யாழே நெருக்கம். சங்கப் பாணர்கள் கையில் இருந்ததும் யாழ்தான். தாவீதின் கருவியோ எபிரேயத்தில் கின்னோர்; இரு கைகளை இணைக்கும் குறுக்குக் கட்டையில் நரம்புகள் கட்டிய லயர் வகை. அதற்கு இரண்டுமே அச்சாகப் பொருந்தாது.

எனக்கு யாழ்தான் சரி. ஆனால் 150-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு சுரமண்டலத்துக்கே போகிறது.