சிறுநீரகக் காத்திருப்புப் பட்டியல்: தென்னாப்பிரிக்கச் சேவைக்கு எத்தனை மதிப்பெண்?

5க்கு 2. அதுவும் அறுவை சிகிச்சைக் குழுக்களின் திறமைக்கு. வரிசை நடக்கும் விதத்துக்கு அல்ல.

நாட்டுக்கு ஒரே பட்டியல் என்று டர்பனில் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பகுதிவாரியாக, அரசு, தனியார் என்று பிரிந்து கிடக்கிறது. அரசு மருத்துவமனையில் முதல் முட்டுக்கட்டையே டயாலிசிஸ் இடம்தான். மாற்று அறுவைக்குத் தகுதியில்லை என்று முடிவானால் நீண்டகால டயாலிசிஸும் பெரும்பாலும் கிடைக்காது. அடிங்டன் மருத்துவமனை அப்படி மறுத்த சூப்ரமனி வழக்கில், 1997இல் அரசமைப்பு நீதிமன்றமும் மருத்துவமனை பக்கமே நின்றது. மெடிக்கல் எய்டு (தனியார் மருத்துவக் காப்பீடு) இருந்தால் இந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும்.

அமெரிக்காவில் 2014 டிசம்பரிலிருந்து, பட்டியலில் தாமதமாகப் பதிந்தாலும் டயாலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காத்திருப்பு கணக்காகிறது. நியாயமான விதி.

பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதாது. கிராஸ்மேட்ச், அதாவது தானம் வரும் சிறுநீரகத்தை உங்கள் ரத்தம் எதிர்க்குமா என்ற சோதனை, பார்க்கப் புதிய ரத்த மாதிரி ஆய்வகத்தில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் மையம் அனுப்பியதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ரத்தம் ஏற்றினால் பிறர் உறுப்பை எதிர்க்கும் ஆன்டிபாடி உடலில் கூடி, பொருந்தும் சிறுநீரகம் அரிதாகும். அதனால் ரத்தசோகைக்கு இரும்புச்சத்தும் ரத்த அணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்டின் ஊசியும் போதுமா என்று முதலில் விசாரியுங்கள். சொத்தைப் பல், ஆறாத புண், காய்ச்சல் எதுவானாலும் பெயரைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பார்கள். குணமானதும் மீண்டும் சேர்த்தார்களா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அழைப்பு நள்ளிரவிலும் வரும். ஒரு சிறுநீரகத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவரைக் கூப்பிடுவது வழக்கம். கிராஸ்மேட்ச் பாசிட்டிவ், அதாவது பொருந்தவில்லை என்றால் வீடு திரும்ப வேண்டியதுதான்.

தானம் குறைவதற்குக் காரணம் உறுப்பு தான அட்டை இல்லாதது மட்டுமல்ல. அட்டை வைத்திருந்தவர் இறந்தாலும் குடும்பத்தாரைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஸ்பெயினிலும் குடும்பத்தைக் கேட்கிறார்கள். ஆனால் அங்கே அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருக்கிறார்கள்.

"சென்னைக்குப் போனால் சீக்கிரம் கிடைக்கும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். இறந்தவரின் உறுப்பு முதலில் அந்த மாநிலத்தாருக்கு, பிறகு பிற மாநிலத்தாருக்கு; வெளிநாட்டவர் கடைசி. நெருங்கிய உறவினராக இல்லாத இந்தியர் வெளிநாட்டவருக்கு உயிருடன் தானம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆக, வேகமான வழி உடன்பிறந்தாரோ பெற்றோரோ கொடுப்பதுதான். நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம், அது இருப்பவர் கொடுக்க முடியாமல் போகலாம் என்பதால் ஒருவரை மட்டும் நம்பியிராமல் இரண்டு மூன்று பேரின் ரத்தத்தை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். உறவில்லாத நண்பர் தருவதாக இருந்தால் சுகாதார அமைச்சரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். பரிசோதனைகள் நடக்கும்போதே அந்த விண்ணப்பத்தையும் கொடுத்துவிடுவது நல்லது.