லூபஸும் வெயிலும்: சன்ஸ்கிரீனா, முழுக்கைச் சட்டையா?

லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) உள்ள பலருக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் தடிப்போடு நிற்காது. மூட்டுவலியையும் அசதியையும் கிளப்பிவிடும். கோலாலம்பூரில் நண்பகல் புற ஊதாக் குறியீடு பல நாள்களில் 11ஐத் தாண்டும்; அது மிக உச்ச அளவு. மேகமூட்டத்தை நம்ப வேண்டாம்.

சன்ஸ்கிரீன் டப்பாவில் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 50 என்று போட்டிருந்தாலும், பூசும் அளவு குறைந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே கிளம்ப 15 நிமிடம் முன்பே, பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வையைத் துடைக்கும் கைக்குட்டையோடு பாதி போய்விடும். யுவிஏ (தோலுக்குள் ஆழமாக இறங்கும் புற ஊதாக் கதிர்) தடுப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். காரின் பக்கக் கண்ணாடி வழியாகவும் அந்தக் கதிர் உள்ளே வரும்.

துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. யுபிஎஃப் (துணியின் புற ஊதாத் தடுப்பு அளவு) 50 உள்ள துணி, கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். மெல்லிய வெள்ளைப் பருத்தி ஏமாற்றும். நனைந்தால் இன்னும் மோசம். வெளிச்சத்தில் பிடித்து மறுபக்கம் தெரிந்தால் வேண்டாம். நெருக்கமான நெசவு, அடர்நிறம் நல்லது. புழுக்கம்தான் வில்லங்கம்.

பத்துமலையின் 272 படி ஏறுவதானால் உடம்புக்குத் துணி. முகம், காது, புறங்கைக்கு மட்டும் சன்ஸ்கிரீன். காலை 10 மணிக்குள் இறங்கிவிடுவது இரண்டையும்விட மேல். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்கள், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டோமே என்று அதை விட்டுவிடக் கூடாது.