டிஎச்எஸ் ட்ரிப்: பெயர்க் குழப்பம் தீரும், காரணம் மட்டும் தெரியாது

அமெரிக்க விமானத்துக்கு ஆன்லைன் செக்-இன் ஆகவில்லை, கவுன்டருக்கு வரச் சொல்கிறது. அங்கே தரும் போர்டிங் பாஸில் வரிசையாக நான்கு 'எஸ்'. கேட்டில் தனியே நிறுத்தி, பையைத் திறந்து, வெடிமருந்துத் தடயம் பார்க்க உள்ளங்கையைத் துடைத்தெடுத்து, லேப்டாப்பை ஆன் செய்து காட்டச் சொல்கிறார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், குலுக்கலிலும் இது விழும். போகும்போதெல்லாம் நடந்தால், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை (டிஎச்எஸ்) 2007-ல் தொடங்கிய 'ட்ரிப்' குறைதீர்ப்புச் சேவைக்கு எழுத வேண்டிய நேரம். கட்டணம் இல்லை. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம்.

முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். செக்யூர் ஃப்ளைட் என்ற அமைப்பு முழுப்பெயர், பிறந்த தேதி, பாலினம் இவற்றை வைத்துத்தான் பயணியை, பயங்கரவாதச் சந்தேகத்துக்குரியவர்களின் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாத நமக்கு இது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் இருக்கும் பெயர் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) வந்து உட்கார்ந்துகொள்ளும். டிக்கெட் போடுபவர் சில நேரம் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் அடித்துவிடுவார், சில நேரம் இனிஷியலை மட்டும் போடுவார். மூன்று தாளில் மூன்று ஆள். டிக்கெட்டில் வந்த எழுத்துப்பிழையை ட்ரிப் திருத்தித் தராது, அதை விமான நிறுவனத்திடம்தான் சரிசெய்ய வேண்டும்.

விண்ணப்பம் எளிது. இணையப் படிவத்தில் என்ன நடந்தது என்பதற்கான கட்டங்களை டிக் செய்து, பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். விளக்கம் எழுதும் இடத்தில் தேதி, விமான எண், விமான நிலையம், என்ன சோதனை என்று சம்பவத்துக்கு ஒரு வரி போதும். கோபத்தைக் கொட்டி இரண்டு பக்கம் எழுதிப் பயனில்லை. மங்கலான ஸ்கேன், பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இல்லாத பெயர், திருமணத்துக்கு முந்தைய பெயரைச் சொல்லாமல் விடுவது, இவைதான் வேலையை இழுத்தடிப்பவை.

கையில் கிடைப்பது ஏழு இலக்க 'ரீட்ரெஸ்' (குறைதீர்ப்பு) எண். முடிவு வந்தபின் ஒவ்வொரு முன்பதிவிலும் அதைக் கொடுக்க வேண்டும், தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாது. பலர் தவறுவது இங்கேதான்: 'நோன் டிராவலர்' கட்டம் பக்கத்திலேயே இருக்கும், அது குளோபல் என்ட்ரி, ப்ரீசெக் போன்ற, முன்சரிபார்ப்பு முடித்தவர்களுக்கான விரைவுச் சோதனைத் திட்டங்களில் இருப்பவர்களுக்கானது. எண்ணை அதில் போட்டால் பலன் இல்லை. டிராவல் ஏஜென்ட் தளத்தில் கட்டமே இல்லையென்றால், முன்பதிவில் பயணியின் கூடுதல் ஆவண விவரங்களுக்கான 'டிஓசிஓ' பதிவில் ஆர் வகையாகச் சேர்க்கச் சொல்லுங்கள், தொழில் தெரிந்தவருக்கு அவ்வளவு போதும். ஏற்கெனவே போட்ட டிக்கெட்டிலும் சேர்க்கச் சொல்லி வாங்க வேண்டும்.

பெயர் ஒற்றுமையால் மாட்டியவர்களுக்கு இது நல்ல சேவை, விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய 98 சதவீதம் பேருக்குப் பட்டியலோடு தொடர்பே இல்லை என்பது அரசின் கணக்கே. மதிப்பெண் குறைவது பதில் கடிதத்தில். பட்டியலில் பெயர் இருந்ததா, நீக்கினார்களா, எதையும் சொல்லாது. 2014-ல் ஓரிகன் கூட்டாட்சி நீதிமன்றம், விமானம் ஏறத் தடை விதிக்கும் பட்டியலை எதிர்த்த லத்தீஃப் வழக்கில் இந்த மௌனம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. அதன்பின் 2015-ல், விமானம் ஏறத் தடையுள்ள அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும் அந்த நிலையைச் சொல்லும் முறை வந்தது. எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

வெளியிலிருந்து தட்டிக்கேட்க ஆள் இருக்கிறார்களா என்றால், பெயருக்கு இருக்கிறார்கள். துறையின் தணிக்கை அதிகாரியான இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2009-லேயே ட்ரிப்பின் குறைகளை அறிக்கையாக எழுதினார். கண்காணிப்புப் பட்டியலை ஆராய்ந்த தனியுரிமை, குடிமைச் சுதந்திர மேற்பார்வை வாரியத்தில் 2025 ஜனவரியில் மூன்று உறுப்பினர்கள் நீக்கப்பட்டதும் முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையே இல்லாமல் போனது. பட்டியலில் யார், ஏன் என்று கேட்க வேண்டிய இடத்தில் நாற்காலி காலி.

விசா மறுப்பு, 221(ஜி) நிலுவை (கூடுதல் பரிசீலனைக்காக விசாவை நிறுத்திவைப்பது) ஆகியவற்றுக்கு இங்கே எழுதாதீர்கள். அவை தூதரகத்தின் கையில் இருப்பவை, ட்ரிப் தொடவே தொடாது.