முகத்துக்கு ஒரு லென்ஸ்: 85 மி.மீ. எஃப்/1.8-உடன் மூன்று ஆண்டுகள்

போர்ட்ரெய்ட், அதாவது ஒருவரின் உருவப்படம், எடுக்க லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது அபெர்ச்சர் எண்ணைத்தான், அதாவது வெளிச்சம் நுழையும் துளை எவ்வளவு திறக்கும் என்பதை (எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.8 போதுமா, எஃப்/1.4-க்குப் போகலாமா, கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் எஃப்/1.2 எப்படி என்று பேச்சு அதே தடத்தில் ஓடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் கொண்ட) கேமராவில் மூன்று ஆண்டுகள் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் பயன்படுத்தி, இடையே ஓராண்டு எஃப்/1.4 லென்ஸ் ஒன்றையும் சுமந்து திரிந்து பிறகு விற்றுவிட்ட நிலையில், எடுப்பவருக்கும் முகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கப் போகிறது என்பதையே முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதை எனக்கு உணர்த்தியது என் பெரியம்மாவின் படம். அகலமான காட்சியைக் காட்டும் 35 மி.மீ. லென்ஸை (இந்த எண் கூடக் கூட லென்ஸ் குறுகிய பரப்பையே பெரிதாக்கிக் காட்டும்) மாட்டிக்கொண்டு, தலையும் தோளும் சட்டகம் நிறைய வர வேண்டும் என்பதற்காக அரை மீட்டர் வரை நெருங்கி எடுத்தேன். படத்தைப் பார்த்தவர், "இது யார் மூக்கு?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 செ.மீ. ஆழம் இருப்பதாகக் கொண்டால், அரை மீட்டரிலிருந்து பார்க்கும் லென்ஸுக்கு மூக்கு 50 செ.மீ. தொலைவிலும் காது 62 செ.மீ. தொலைவிலும் இருக்கின்றன, ஆகவே காதோடு ஒப்பிடுகையில் மூக்கு 24 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. அதே சட்டகத்தை 85 மி.மீ. லென்ஸில் நிரப்ப 1.2 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். அங்கே இந்த வித்தியாசம் 10 சதவீதமாகச் சுருங்குகிறது. முகத்தின் அமைப்பை மாற்றுவது லென்ஸ் அல்ல, நாம் நிற்கும் இடம். 35 மி.மீ. லென்ஸோடு அதே 1.2 மீட்டரில் நின்று எடுத்துப் படத்தை வெட்டிக்கொண்டாலும் மூக்கும் காதும் அதே விகிதத்தில்தான் இருக்கும். வெட்டியதில் பிக்சல்கள்தான் குறைந்திருக்கும். 85 மி.மீ. செய்யும் உபகாரம், நம்மைத் தள்ளி நிற்க வைப்பதுதான்.

ஆனால் தள்ளி நிற்க இடம் வேண்டுமே. கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் சற்று இடம் விட்டு, இரண்டு மீட்டர் உயரத்தைச் சட்டகத்துக்குள் கொண்டுவர 85 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர் தேவை, 135 மி.மீ. என்றால் 7.5 மீட்டர். வீட்டுக்குள் முழு உருவம் எடுக்கும்போதெல்லாம் என் முதுகு சுவரில் முட்டியிருக்கிறது. ஒருமுறை கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் நின்று எடுத்தேன். அதே வேலைக்கு 50 மி.மீ. லென்ஸுக்கு 2.8 மீட்டர் போதும். எனவே அறைக்குள்ளேயே எடுப்பவருக்கு 85 மி.மீ. முதல் லென்ஸாக இருக்கக் கூடாது என்பேன். திறந்த வெளியில் 135 மி.மீ. தரும் படம் இன்னும் அழகுதான். ஆனால் அந்தத் தொலைவிலிருந்து "தாடையைக் கொஞ்சம் இறக்குங்கள்" என்று சொல்லக் குரலை உயர்த்த வேண்டியிருக்கிறது, கூச்ச சுபாவம் உள்ளவர் உடனே விறைத்துக்கொள்கிறார். 85 மி.மீ. லென்ஸில் அரை உருவம் எடுக்க இரண்டு மீட்டரில் நின்றால் சாதாரணக் குரலிலேயே பேசிக்கொண்டிருக்கலாம். விவரக்குறிப்பு அட்டவணை எதிலும் வராத இந்த வசதியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார் கொண்டது) வைத்திருப்பவர்கள், ஃபுல் ஃப்ரேம்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டு 85 மி.மீ. வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. சிறிய சென்சாரில் காட்சி குறுகுவதால், 1.5 மடங்குக் கணக்கில் அது ஃபுல் ஃப்ரேமின் சுமார் 127 மி.மீ. போல நடந்துகொள்ளும். அவர்களுக்கு 56 மி.மீ. லென்ஸ் சரியாகப் பொருந்தும். பலரிடம் ஏற்கெனவே இருக்கும் 50 மி.மீ. எஃப்/1.8 கூட 75 மி.மீ. அளவுக்கு வந்துவிடுவதால், புதிதாக எதையும் வாங்காமலேயே தொடங்கலாம்.

இனி அபெர்ச்சர். 1.2 மீட்டரில் எஃப்/1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. முகத்தைச் சற்றே திருப்பி அமர்ந்தவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: அருகில் உள்ள கண்ணின் இமைமுடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், மறு கண்ணோ பால் ஆடை படிந்ததுபோல் மங்கியிருக்கும். எஃப்/1.4-இல் நிலைமை இன்னும் மோசம். நான் வைத்திருந்த எஃப்/1.4 லென்ஸில் எடுத்து, பிறருக்குக் கொடுத்த படங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவை எஃப்/2.2-க்கும் எஃப்/2.8-க்கும் இடையில் எடுத்தவையாகவே இருந்தன. எஃப்/1.8-ஐவிட எஃப்/1.4 கூடுதலாகத் தருவது ஒரு ஸ்டாப்பில் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு ஒரு ஸ்டாப்) மூன்றில் இரண்டு பங்கு வெளிச்சம். அதற்கான எடையோ சிறிதல்ல. சோனியின் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 371 கிராம்; அதே நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எஃப்/1.4 ஜிஎம் (சோனியின் உயர்தர வரிசை) 820 கிராம். கேனானின் ஆர்எஃப் வரிசை 85 மி.மீ. எஃப்/1.2 ஏறக்குறைய 1.2 கிலோ. பின்னணி இன்னும் கரைய வேண்டுமென்றால், அமர்ந்திருப்பவரைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் வரச் சொல்லுங்கள். அதற்குச் செலவே இல்லை.

குறைகளும் உண்டு. முழுத் திறப்பில், வெயிலை முதுகில் வாங்கி நிற்பவரின் நரைமுடியின் ஓரத்திலும் மூக்குக்கண்ணாடியின் உலோக விளிம்பிலும் நிறப்பிசிறு ஒட்டிக்கொள்கிறது. குவியத்துக்கு முன்னால் ஊதாவாகவும் பின்னால் பச்சையாகவும் தெரியும். எஃப்/2.8-க்கு இறக்கினால் பெருமளவு மறைகிறது. சட்டகத்தின் ஓரங்களில் விளக்குப் பொட்டுகள் வட்டமாக இல்லாமல் பூனைக்கண் போல நசுங்குகின்றன; இதை நான் குறையாகவே எண்ணவில்லை. 1840-இல் கணிதவியலாளர் ஜோசப் பெட்ஸ்வால் வடிவமைத்த போர்ட்ரெய்ட் லென்ஸிலேயே நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரம் சுழன்று கலங்கியும்தான் இருந்தது. அந்தச் சுழலுக்காகவே இன்றும் அதைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது, 0.8 மீட்டருக்குள் நெருங்க முடியாததுதான். கைக்குழந்தையின் விரல்களையோ, கண்ணை மட்டுமோ சட்டகம் நிறைய எடுக்க முடிவதில்லை. கேனானின் ஆர்எஃப் 85 மி.மீ. எஃப்/2 மேக்ரோ 0.35 மீட்டர் வரை நெருங்குகிறது. அந்த மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் அமைப்பு) கொண்ட கேமரா வைத்திருந்தால் எஃப்/1.8, எஃப்/1.4 என்ற விவாதத்துக்கே போகாமல் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

பழைய லென்ஸாக வாங்குகிறீர்கள் என்றால், உங்கள் கேமராவையே கொண்டுபோய், முழுத் திறப்பில் ஒருவரின் இமைமுடியில் குவித்துப் பத்துப் படங்கள் எடுத்து, அங்கேயே பெரிதாக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு தவறினால் அது ஆள் அசைந்ததால் இருக்கலாம். பத்திலும் இமை மங்கிக் காது மட்டும் தெளிவாக இருந்தால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.