நிஸ்ட் கெமிஸ்ட்ரி வெப்புக்: காமா 1.4 என்று போடுகிறவர்கள் பார்க்க வேண்டிய தளம்

எஞ்சினோ ராக்கெட்டோ, காற்று என்றால் காமா (மாறா அழுத்த வெப்ப ஏற்புத்திறனை மாறாக் கனஅளவு வெப்ப ஏற்புத்திறனால் வகுத்த விகிதம்) 1.4 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிற பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. அறை வெப்பநிலையில் சரி. 2000 கெல்வினில், காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனுக்கு அது 1.3 தான். இதை இலவசமாக, பதிவு செய்யச் சொல்லாமல் காட்டுகிறது அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் நடத்தும் கெமிஸ்ட்ரி வெப்புக்.

நைட்ரஜனைத் தேடி வாயுநிலை வெப்பவேதியியல் பகுதியைத் திறந்தால், வெப்பநிலையைக் கொடுத்தால் வெப்ப ஏற்புத்திறனைத் தரும் ஷோமேட் சமன்பாட்டின் கெழுக்கள் 100 முதல் 6000 கெல்வின் வரை மூன்று நெடுவரிசைகளில் இருக்கும். அவற்றைப் போட்டுப் பாருங்கள். மாறா அழுத்த மோலார் வெப்ப ஏற்புத்திறன் (ஒரு மோலை ஒரு கெல்வின் சூடாக்கத் தேவையான ஆற்றல்) 298 கெல்வினில் 29.1 ஜூல், 1000-ல் 32.7, 2000-ல் 36, 3000-ல் 37. மூலக்கூறின் இடப்பெயர்ச்சியும் சுழற்சியும் முதலிலிருந்தே கணக்கில் உண்டு, அதிர்வுதான் சூடு ஏற ஏற மெல்லச் சேர்ந்துகொள்கிறது. நைட்ரஜனின் பிணைப்பு விறைப்பானது, அதன் அதிர்வு வெப்பநிலையே (அதிர்வு எந்த அளவு சூட்டில் முழுவீச்சில் சேரும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 3400 கெல்வின்; அயோடினுக்கு 300 சொச்சம்தான் என்பதால் அந்த வாயு அறை வெப்பநிலையிலேயே 36.9-ல் நிற்கிறது! எனக்கு ரொம்பப் பிடித்தது 6000 கெல்வின் மதிப்பு: 38.3. பிணைப்பை ஒரு லட்சிய சுருள்வில்லாக எடுத்துக்கொள்ளும் சீரிசை அதிர்வு மாதிரி தரும் உச்சவரம்பு 37.4, நிஜ மூலக்கூறு அதையும் தாண்டிப் போகிறது.

இதெல்லாம் தசம விளையாட்டு என்று நினைத்தால், ஒரு மோல் நைட்ரஜனை 298-லிருந்து 2000 கெல்வினுக்குச் சூடாக்கக் கணக்கிடுங்கள். மாறாத 29.1 வைத்தால் 49.5 கிலோஜூல், அட்டவணைப்படி 56.1. எரிதல் கணக்கில் இந்த வித்தியாசம் சுடர் வெப்பநிலையை நிஜத்தைவிட மேலே தூக்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. சமன்பாட்டில் வருவது கெல்வினை 1000-ஆல் வகுத்த எண், அந்தக் குறிப்பு அட்டவணைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் கண்ணில் படாமல் போகலாம். அப்புறம், இது உடையாத மூலக்கூறுக்கான தரவு. ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்ஸிஜன் 2500 கெல்வின் வாக்கிலும் நைட்ரஜன் 4000 வாக்கிலும் அணுக்களாகப் பிரியத் தொடங்கும். பிணைப்பை உடைக்கப் போகும் ஆற்றல் இந்த எண்களில் இல்லை. அதற்கு நாசாவின் சி.ஈ.ஏ. போன்ற வேதிச் சமநிலை நிரலுக்குத்தான் போக வேண்டும்.

எரிவாயு டர்பைன், உலை, டீசல் எஞ்சின் படிக்கிறவர்களுக்கு இது தாராளமாகப் போதும். விண்கலம் வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும்போது உண்டாகும் அதிர்ச்சி அலையைக் கணக்கிடுகிறவர்கள் இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.