ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர் லேப்டாப்பை எங்கே வாங்குவது: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டா, ஜெர்மனியில் உள்ள கடைகளா?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், விமானத்துக்கு நேரமாகிவிட்டவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். முதுகலை படிக்க வருகிறீர்கள், கையில் எப்படியோ ஓடுகிற லேப்டாப் ஒன்று இருக்கிறது என்றால், சென்னையில் புதிதாக ஒரு விண்டோஸ் லேப்டாப் வாங்காதீர்கள். பழையதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கொடுத்துச் சரிசெய்து எடுத்து வாருங்கள், வந்து மூச்சு விட்டபின் இங்கே ஜெர்மனியில் புதுப்பித்த பிசினஸ் லேப்டாப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மேக்புக்தான் வேண்டும் என்றால் மட்டும் கதை தலைகீழ், அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில். ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை ஆனால் ஊரிலிருந்து "அண்ணா, லேப்டாப் இங்கயே வாங்கிடவா, அங்க வந்து வாங்கவா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் தேய்ந்துவிட்டது. அதனால்தான் இரண்டு பக்கக் கடைகளையும் சேர்த்து ஒரே விமர்சனமாக எழுதுகிறேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து தொடங்கலாம். மவுன்ட் ரோடு பக்கம், கேசினோ தியேட்டருக்கு அருகில், எலக்ட்ரானிக்ஸ் என்று எதைச் சொன்னாலும் கிடைக்கிற தெரு. இங்கே புது லேப்டாப்பும் விற்கிறார்கள், விலையும் ஷோரூமை விடக் கொஞ்சம் குறையும், பேரம் பேசத் தெரிந்தால் பையும் மவுஸும் கீபோர்டு கவரும் இலவசமாக வரும். ஆனால் "பில்லோடயா, பில் இல்லாமயா?" என்று ஒரு கேள்வி வந்தால் அங்கேயே நிதானியுங்கள். கம்ப்யூட்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பில் இல்லை என்றால் விலை இறங்குவது அதனால்தான், ஆனால் அந்தப் பில் இல்லாமல் கடல் தாண்டி வந்தபின் வாரன்டி என்ற பேச்சையே எடுக்க முடியாது. என் கணக்கில் ரிச்சி ஸ்ட்ரீட்டின் உண்மையான பலம் புதுப்பொருளில் இல்லை, ரிப்பேரில் இருக்கிறது. உடைந்த ஹிஞ்ச் (மூடியின் கீல்), வீங்கிய பேட்டரி, பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவது, இதெல்லாம் அங்கே ஒரு பகலில் கண்முன்னால் முடிகிற வேலை. ஜெர்மனியில் அதே வேலைக்குக் கூலியே பயமுறுத்தும், பாகத்துக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஐந்து வருடப் பழைய லேப்டாப்புக்கு ஒரு நல்ல பேட்டரியும் எஸ்எஸ்டியும் போட்டால் முதல் செமஸ்டர் தாராளமாக ஓடும். இந்த வேலைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு முழு மதிப்பெண். மாற்றிய பின் பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அது ஒரு நல்ல பழக்கம்.

அடுத்தது ஷோரூம். ஏசி, காபி, தவணை வசதி, எல்லாம் உண்டு. வெளிநாடு போகிறேன் என்று சொன்ன உடனே "இன்டர்நேஷனல் வாரன்டி இருக்கு சார்" என்பார்கள். இதில்தான் பாதிப்பேர் விழுகிறார்கள். சர்வதேச வாரன்டி என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடலும் வேறு. லெனோவோவில் திங்க்பேட் வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு வெளிநாட்டுச் சேவை உண்டு, விலை குறைந்த வீட்டு உபயோக மாடல்களுக்கு அதை நம்பிப் போக முடியாது. டெல்லில் சர்வீஸ் டேகை (லேப்டாப்பின் அடையாள எண்) வேறு நாட்டுக்கு மாற்றித்தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம், மாற்றியபின் அந்த நாட்டில் அந்த மாடலுக்கு என்ன சேவை இருக்கிறதோ அதுதான் கிடைக்கும். ஆகவே விற்பவர் வாயைக் கேட்காதீர்கள், கம்பெனியின் தளத்தில் அந்த மாடலின் வாரன்டி நிபந்தனையைத் திறந்து ஜெர்மனி என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். என் அறைத்தோழன் ஒருவன் ஊரில் வாங்கிய புது லேப்டாப்பில் சில மாதத்திலேயே திரையில் கோடு விழுந்தது. பிராண்டு பெயர் வேண்டாம். இங்குள்ள சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைப் பார்த்தார்கள், இது இந்தியாவில் விற்ற பொருள், இந்தியாவில்தான் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் வெளி மானிட்டர் ஒன்றைப் பழையதாக வாங்கி, லேப்டாப்பை மூடி வைத்து, அதில்தான் தீசிஸ் வரை ஓட்டினான்.

சென்னையில் வாங்கும் விண்டோஸ் லேப்டாப்பில் இன்னொரு சின்ன விஷயம், யாரும் பார்ப்பதில்லை. பல மாடல்களில் வருவது விண்டோஸ் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். பெயருக்கேற்ப ஒரே மொழிதான், பிறகு ஜெர்மனுக்கு மாற்றிப் பழகலாம் என்று நினைத்தால் முடியாது. இங்கே விற்கிற சாதாரண ஹோம் பதிப்பு ஜெர்மனில் திறந்தாலும் செட்டிங்ஸில் போய் ஆங்கிலம் ஆக்கிவிடலாம், ஒன்றும் சிக்கல் இல்லை.

சரி, சென்னையில் வாங்குவதற்கு நியாயமான காரணமே இல்லையா? ஒன்று இருக்கிறது, கீபோர்டு. ஜெர்மன் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும், அது கூடப் பரவாயில்லை, ஒரு வாரத்தில் விரல் பழகிவிடும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத்தான் தலைவலி. நெளிவு அடைப்புக்குறி வேண்டுமானால் வலது ஆல்ட் பட்டனோடு 7, மூடுவதற்கு 0, சதுர அடைப்புக்கு 8, 9. மின்னஞ்சல் முகவரியில் வரும் அட் குறிக்கு வலது ஆல்ட்டும் கியூவும். இந்தப் பழக்கத்தோடு மேக்குக்குப் போனால் இன்னும் வேடிக்கை, அதே இடத்தில் கமாண்ட் பட்டன் இருப்பதால் அட் குறி போடப் போய் மென்பொருளையே மூடிவிடுவீர்கள். ஆனால் இதற்காக மட்டும் ஊரில் வாங்குவது தேவையில்லை என்பது என் கருத்து. விண்டோஸில் லேஅவுட்டை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு, கீழே பார்க்காமல் தட்டச்சு செய்யத் தெரிந்தால் பட்டனில் என்ன அச்சடித்திருந்தால் என்ன? பார்த்துத்தான் அடிப்பேன் என்றால் ஸ்டிக்கர் சில யூரோதான். ஆப்பிளின் ஜெர்மன் ஆன்லைன் கடையில் ஆர்டர் போடும்போதே ஆங்கில கீபோர்டு தேர்ந்தெடுக்கவும் முடியும்.

இப்போது ஜெர்மன் பக்கம். இங்கே மதிப்புக்கூட்டு வரி 19 சதவீதம், நம் ஜிஎஸ்டியை விட ஒன்றுதான் கூட, ஆகவே வரியால் விலை ஏறுகிறது என்பது பொய். வித்தியாசம் வேறிடத்தில். இங்கே ஒரு பொருளை விற்ற கடை இரண்டு வருடத்துக்குச் சட்டப்படி பொறுப்பு. கம்பெனி தரும் வாரன்டி தனி, இது தனி. 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய பொருளுக்கு முதல் 12 மாதத்தில் கோளாறு வந்தால், அது நீங்கள் கெடுத்தது என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர்தான். ஆன்லைனில் வாங்கினால் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமையும் உண்டு. கடைக்குப் போய் வாங்கினால் அந்த 14 நாள் சட்டத்தில் கிடையாது, சில பெரிய கடைகள் நல்லெண்ணத்தில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவே. அதனால் கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு அதே கடையின் தளத்தில் ஆர்டர் போடுகிற ஆட்கள் இங்கே நிறைய.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற சட்டமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு பெரிய சங்கிலிக் கடையில் வாங்கிய லேப்டாப்பில் எட்டாவது மாதம் டச்பேட் செத்தது. கவுன்டரில் இருந்தவர் வழக்கம்போல "தயாரிப்பாளருக்கு எழுதுங்கள்" என்றார். நான் உடைந்த ஜெர்மனில் "கெவேர்லைஸ்டுங்" என்று அந்தச் சட்டத்தின் பெயரை மட்டும் சொன்னேன், பில்லை நீட்டினேன். ஆள் மேலே எதுவும் பேசாமல் படிவத்தை எடுத்தார். சில வாரம் ஆனது, பைசா வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள். அந்தச் சில வாரம் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய லேப்டாப்பில்தான் வேலை பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், பழையதை எடுத்து வாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு அது ஒரு காரணம்.

விலை ஒப்பிட இடேயலோ, கைட்ஸ்ஹால்ஸ் என்ற இரண்டு தளங்களும் போதும். விலை ஏறி இறங்கிய வரைபடம் அதிலேயே இருக்கும், "இன்று மட்டும் தள்ளுபடி" என்ற பலகைகளின் சாயம் அங்கே வெளுத்துவிடும்.

ஆனால் என் முதல் பரிந்துரை புது லேப்டாப்பே இல்லை. இங்குள்ள கம்பெனிகள் சில வருடங்களுக்கு ஒருமுறை திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் என்று அலுவலக லேப்டாப்களை மொத்தமாகக் கழித்துவிடும், அதைத் துடைத்துச் சோதித்து மறுபடி விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. ரிஃபர்ப்ட், பேக் மார்க்கெட் எல்லாம் பல விற்பனையாளர்கள் கூடும் ஆன்லைன் சந்தை. ஏஎஃப்பி என்று ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கே வேலை செய்பவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் மாற்றுத்திறனாளிகள், சில ஊர்களில் நேரடிக் கடையும் உண்டு. 200, 300 யூரோவுக்குள் ஒரு கண்ணியமான திங்க்பேட் கிடைக்கும். பழைய பொருளுக்கு அந்தச் சட்டப் பொறுப்பை ஒரு வருடமாகக் குறைக்கக் கடைக்கு அனுமதி உண்டு, அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கீறல் இருக்கும், மூடியில் ஏதோ கம்பெனி ஸ்டிக்கர் கிழித்த தடம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே இருப்பது அலுவலகத்துக்கென்று கட்டிய திடமான யந்திரம்.

ஒரே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதனால் ஏழாம் தலைமுறைக்காரர்கள் எல்லாம் இப்போது அநியாய மலிவில் கிடக்கிறார்கள், திங்க்பேட் டி470 அப்படி ஒன்று. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடத் தெரிந்தவருக்கு அது லாட்டரி, மற்றவர்கள் டி480யிலிருந்து மேலே பாருங்கள். டி480யில் இன்னொரு சவுகரியம், கீபோர்டை மட்டும் தனியாகக் கழற்ற முடியும், ஆங்கில கீபோர்டைத் தனியாக வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளலாம்.

கிளைன்அன்சைகன் என்ற தளத்தில் தனி ஆட்கள் விற்பது இதைவிட மலிவு. தனி ஆள் விற்கும்போது பொறுப்பு எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுவார், எழுதினால் அது செல்லும். நேரில் போய், ஓடவிட்டுப் பார்த்து, அங்கேயே காசு கொடுத்து வாங்குங்கள். பார்சலில் அனுப்புகிறேன், முன்பணம் போடுங்கள் என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விமர்சனம் நியாயமாகாது. 2025 நிலவரப்படி மாணவர் விசாவுக்கு முடக்கிய கணக்கில் 11,904 யூரோ போட வேண்டியிருந்தது, ஆனால் அது மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். முதல் மாதத்திலேயே வீட்டு வாடகை, முன்பணம், செமஸ்டர் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து வந்து நிற்கும். புதிதாக வந்தவருக்கு இங்கே கடன் வரலாறு கிடையாது, தவணையில் தருவதற்குக் கடைகள் தயங்கும். ஊரில் அப்பாவின் கார்டில் வட்டியில்லாத் தவணை போட்டு வாங்குவது சுலபமாகத் தெரிவது இதனால்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் பழைய லேப்டாப்பே இல்லாதவர்கள் ஊரில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வெளிநாட்டு வாரன்டி எழுத்தில் உள்ள பிசினஸ் வரிசை மாடலாகப் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

மேக்புக் விஷயத்துக்கு வருகிறேன். 2025 மார்ச்சில் எம்4 சிப் உள்ள மேக்புக் ஏர் வந்தபோது இந்தியாவில் அடிப்படை விலை 99,900 ரூபாய், ஜெர்மனியில் 1,199 யூரோ. யூரோ நூறு ரூபாயைத் தாண்டியபின் இந்த இடைவெளியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஊரில் மாணவர் விலை, வங்கிக் கார்டு சலுகை. நமக்குப் பழகிய ஆங்கில கீபோர்டு, மேக்குக்கு ஆப்பிளின் ஒரு வருட வாரன்டியை இங்கும் பார்க்கிறார்கள். சென்னையில் வாங்கிக்கொண்டு வாருங்கள். இழப்பது அந்த இரண்டு வருடக் கடைப் பொறுப்பு ஒன்றைத்தான்.

"ஏர்போர்ட்ல புடிப்பாங்களாண்ணா?" என்பது கடைசிக் கேள்வி. படிக்க வருகிற மாணவர் தன் படிப்புக்கான கருவிகளைக் கொண்டுவந்தால் தீர்வை கிடையாது, ஐரோப்பிய ஒன்றிய விதியிலேயே எழுதியிருக்கிறது. பெட்டியைப் பிரித்து, உபயோகித்து, சேர்க்கைக் கடிதத்தோடு கைப்பையில் கொண்டுவாருங்கள். செய்யக் கூடாதது, வந்தபின் ஊரிலிருந்து பார்சலில் வரவழைப்பது. அன்பளிப்பு என்று எழுதினாலும் 45 யூரோவுக்கு மேல் போனால் விலக்கு போய்விடும், வரி கட்டித்தான் பார்சலை வாங்க வேண்டியிருக்கும்.

சார்ஜரைத் தூக்கிப் போட வேண்டாம். இங்கும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. மல்டி அடாப்டர் மாட்டினால் பலவற்றில் எர்த் இணைப்பு இருக்காது, உலோக உடம்புள்ள லேப்டாப் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். சார்ஜர் கட்டைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள கேபிளை மட்டும், ரிச்சி ஸ்ட்ரீட்டில் மிக்கி மவுஸ் கேபிள் என்று கேட்டு வாங்குவோமே, அதை ஜெர்மன் பிளக்கோடு இங்கே சில யூரோவுக்கு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.